முணுமுணுக்காத விலங்கு

மாணவர்களே! காரணம் பற்றி வழங்கும் பெயர் காரணப்பெயர் என்றும், காரணம் அறிய இயலாதவாறு வழங்கிவரும் பெயர் இடுகுறிப்பெயர் என்றும் முன்னரே கற்றிருக்கிறீர்கள். பறப்பதால் 'பறவை' என்பது காரணப்பெயர்; 'மரம்' என்பது இடுகுறிப்பெயர். ஆயினும் எல்லாப் பெயர்களும் இவ்வாறு எளிதில் பிரிந்து நிற்பதில்லை. ஒரு பெயருக்கு மக்கள் கூறும் காரணம் மெய்யானதா, பிற்காலத்தில் அவர்களே கற்பித்துக்கொண்டதா என்று ஐயுற வேண்டிய இடங்களும் உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வாழும் 'மர்மோட்' என்னும் விலங்கின் பெயர் அத்தகையது.

மர்மோட் கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தது. அணில் குடும்பத்தில் அடங்குவது. எனினும் மரம் ஏறி வாழ்வதில்லை. பூனையளவு பருத்த உடலும் குட்டைக் கால்களும் உடைய இது, மரங்கள் வளராத உயர்ந்த புல்வெளிகளில் வளை தோண்டி, குடும்பமாக வாழும். நம் நாட்டிலும் இதன் உறவினம் உண்டு. லடாக்கில் பணிபுரியும் பெற்றோரைக் காணச் சென்ற மாணவர்கள், சாலையோரத்தில் பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் இமயமலை மர்மோட்டைக் கண்டிருக்கக்கூடும். அங்குள்ளோர் அதனைப் 'பியா' என்பர்.

இனிப் பெயருக்கு வருவோம். இலத்தீன் மொழியில் 'மூஸ்' என்றால் எலி. 'மோன்ஸ்' என்றால் மலை. 'மலையெலி' என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரே நாளடைவில் மருவி, பிரெஞ்சில் 'மர்மோத்' என ஆயிற்று என்பர் அறிஞர் பலர். ('மூஸ்' என்பதும், பிள்ளையாரின் ஊர்தியைக் குறிக்கும் 'மூஷிகம்' என்னும் வடசொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை.) வேறு சிலரோ, முணுமுணுத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து இப்பெயர் வந்தது என்பர்.

ஜெர்மானியர் செய்தது இன்னும் சுவையானது. அவர்களுடைய பழைய சொல் 'முர்முன்டோ' என்பது. அதுவும் இலத்தீன் மலையெலியின் திரிபே. பொருள் மறந்துபோன பிற்காலத்தார், தம் மொழியில் முணுமுணுத்தலைக் குறிக்கும் 'முர்மெல்ன்' என்னும் வினையோடு அதனை இணைத்தனர். 'டீர்' என்றால் விலங்கு. ஆகவே 'முர்மெல்டீர்', அதாவது முணுமுணுக்கும் விலங்கு, என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பகை கண்டால் இவ்விலங்கு எழுப்புவது முணுமுணுப்பு அன்று. செவியைத் துளைக்கும் சீழ்க்கை! கழுகு வட்டமிடக் கண்ட ஒன்று கூவியதும், மற்றவை வளைக்குள் ஓடி மறையும். கனடாவில் 'விஸ்லர்' என்னும் மலை இதன் இனத்தின் சீழ்க்கையொலியால்தான் அப்பெயர் பெற்றது. காதால் கேட்டுப் பெயரிட்டோர் கனடியர். சொல்லைக் கேட்டுக் காரணம் கற்பித்தோர் ஜெர்மானியர்.

வழக்கில் இப்பெயர் உறக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. குளிர்காலம் தொடங்குமுன் மர்மோட் வளையின் வாயிலை அடைத்துக்கொண்டு, ஆண்டில் ஏறத்தாழப் பாதியை உறக்கத்திலேயே கழிக்கும். நாம் 'கும்பகர்ணன் போல் உறங்குகிறான்' என்பதைப் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் 'மர்மோட் போல் உறங்குகிறான்' என்பர்.

மற்றொரு வழக்கும் அறியத்தக்கது. ஆல்ப்ஸ் மலையின் சவோய் நாட்டில் வறுமை மிகுந்திருந்த காலத்தில், குளிர்காலம் வந்தால் வீட்டில் உணவு போதாது. சிறுவர் பலர் பழக்கிய மர்மோட் ஒன்றைப் பெட்டியில் சுமந்துகொண்டு, தொலைவிலுள்ள நகரங்களுக்கு நடந்து சென்று, தெருக்களில் அதனை ஆடச்செய்து பிழைத்தனர். ஓவியர் வாத்தோ அத்தகைய சவோய் நாட்டான் ஒருவனை வரைந்துள்ளார். ஜெர்மானியக் கவிஞர் கதே எழுதிய நாடகம் ஒன்றிலும் அப்படி ஒரு சிறுவன் பாடுகிறான். அப்பாடலுக்கு பேத்தோவன் அமைத்த இசை 1805இல் வெளியாயிற்று. சிறுவன் தன் கதையை அந்நகரத்தாரின் ஜெர்மன் மொழியில் கூறுகிறான். பல்லவி மட்டும் பிரெஞ்சு. 'முர்மெல்டீர்' என்ற சொல் ஜெர்மனில் இருந்தும், தன் தோழனை அவன் 'மர்மோத்' என்றே அழைக்கிறான்.

தமிழில் இவ்விலங்கை எவ்வாறு வழங்குவது? 'மலையெலி' எனின் மூலப்பொருள் விளங்கும். ஆனால் எலிக்குடும்பம் என்ற தவறான எண்ணம் எழும். (இயற்கையறிஞர் லின்னேயஸ் 1758இல் இதனை எலியினத்திலேயே சேர்த்திருந்தார் என்பது வேறு செய்தி.) 'மலையணில்' எனலாமா? அப்பெயர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பெரிய மரவணிலுக்கு உரியதாகிவிட்டது. எனவே ஒலிபெயர்ப்பே தக்கது. அதிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. தனிக்குறிலை அடுத்து 'ர்' வருதலும், சொல்லின் இறுதியில் 'ட்' நிற்றலும் தமிழ் மரபன்று. 'தர்மம்' 'தருமம்' ஆனவாறு, இதுவும் 'மருமோட்டு' என்றாக வேண்டும். இன்று எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. நாமும் வழக்கை ஒட்டி 'மர்மோட்' என்றே எழுதுவோம்.

அருஞ்சொற்பொருள்
மருவி – வடிவம் மாறி. சீழ்க்கை – விசில். வழக்கு – மக்களிடையே பயிலும் முறை.

பயிற்சி
1. 'முர்மெல்டீர்' காரணப்பெயரா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. கர்வம், வர்க்கம் ஆகியவற்றைத் தமிழ் மரபிற்கேற்ப மாற்றி எழுதுக.
3. உம் வீட்டில் ஒரு பெயராலும், பள்ளித் தோழரிடையே வேறொரு பெயராலும் நீர் வழங்கும் விலங்குகள், காய்கள் ஐந்தினைத் தேர்ந்து இரு பெயர்களையும் எழுதுக. அவற்றுள் எப்பெயர் உமக்கு முதலில் நினைவில் எழுகிறது?