முத்திரை தேடும் தம்பிக்கு

சங்கரன்கோவில்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மூன்று குறும்படங்களையும் பார்த்தேன். நம் ஊர் விசைத்தறிக் கொட்டகையில் இரவு முறை பார்க்கும் தொழிலாளியைப் பற்றியது ஒன்று. கல்யாண வீட்டுப் பந்தியில் நடக்கும் ஹாஸ்யம் ஒன்று. கரிவலம்வந்தநல்லூர்ச் சாலையில் பேயைக் கண்டதாகச் சாதிக்கும் லாரி டிரைவரின் கதை ஒன்று. இம்மூன்றையும் பார்த்த நண்பர் ஒருவர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, உனக்கென்று ஒரு முத்திரை வேண்டாமா என்று கேட்டுவிட்டார் என்றும், அன்று முதல் காமிராவைத் தொடவே மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இந்த விசாரத்திற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒரு மனிதரின் சரித்திரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் 1909-இல் பிறந்து, ஹாலிவுட்டின் வாசலில் இருந்த தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலை பயின்று, உடன் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் அறியாமலே 1950 வரையில் தமிழ்ப் படங்களை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். அவர் எடுத்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் உன் நண்பர் திகைத்துப் போவார். குடியினால் சீரழிந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் கணவனின் கதையான 'சதி லீலாவதி' 1936-இல் வந்தது, எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை, எம்.ஜி.ஆரும் டி.எஸ். பாலையாவும் திரையில் அடியெடுத்து வைத்த படம். அதே வருஷத்தில் குடும்பச் சித்திரமான 'இரு சகோதரர்கள்'. மறு வருஷம், காதலுக்காகத் தலை கொடுத்த கம்பர் மகனின் கதை 'அம்பிகாபதி'. 1940-இல் புராணக் காதலான 'சகுந்தலை'. அதே ஆண்டில், நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் கவிஞராக்கிய 'காளமேகம்'. 1945-இல் பக்திப் படமான 'மீரா'. 1950-இல், பாரதிதாசனின் காவியத்தைத் தழுவிய 'பொன்முடி'யும், மு. கருணாநிதியின் வசனத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யும்.

முத்திரை எங்கே என்றால், கதையில் அதைத் தேடிக் காண முடியாது. வேலை செய்த விதத்தில் காணலாம். 'மீரா'வுக்காக அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். எம்.எஸ். சுப்புலட்சுமியைக் காமிராவின் முன் நிறுத்துவதற்கு முன்னால், டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் அந்த அம்மையாரின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மீது விதவிதமாக வெளிச்சத்தைப் பாய்ச்சி, எந்த ஒளியில் எந்தக் கோணத்தில் முகம் பொலிகிறது என்பதைப் படம் பிடித்துப் பிடித்து ஆராய்ந்து, அப்புறமே படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். பாட்டுக் கேட்கவே ஜனங்கள் கொட்டகைக்கு வந்த காலம் அது. முகத்துக்காக இத்தனை பிரயாசை எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சிறுமி மீரா பாடிக்கொண்டிருக்கையிலேயே வளர்ந்த மீராவாக மாறும் இடத்தைப் பார். இசையின் ஓட்டம் அறாமலே பல வருஷங்கள் கடந்துவிடுகின்றன.

பாஷை தெரியாமை அவருக்குக் குறையே. ஆனால் அக்குறைதான் அவருடைய கண்ணைக் கூர்மையாக்கிற்று என்பது என் துணிபு. நாடக மேடையைப் பெயர்த்து வைத்தாற்போல, அசையாத காமிராவின் முன் நடிகர்கள் வரிசையாக நின்று பாடியும் பேசியும் தீர்த்த அந்நாளில், வசனத்தின் இனிமையில் லயித்துவிட வழியில்லாத ஒருவர் நடிகரின் கண்ணையும் கையையும் நடையையும் கவனித்தார், காமிராவை நகர்த்தினார். செவிக்குரியதைத் தக்கவர்களிடம் ஒப்படைத்தார். 'அம்பிகாபதி'யின் காதற் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டின் சாயலை அவர் விரும்பியபோது, அதை அந்நிய வாசனை வீசாத தமிழாக்கித் தந்தவர் இளங்கோவன். வசனகர்த்தா என்றொருவர் இருக்கிறார் என்பதையே தமிழ் ரசிகர்கள் அதற்குப் பிறகுதான் உணர்ந்தார்கள் எனலாம்.

எல்லாம் ஜயமாகிவிடவில்லை. 'காளமேகம்' ஓடவில்லை. 'பொன்முடி'யின் நெருக்கமான காதற் காட்சிகளைக் கண்டித்தவர்கள் பலர். 'மந்திரி குமாரி'யை முடிக்குமுன்பே டங்கன் தாய்நாடு திரும்பிவிட்டதால், எஞ்சியதை மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் எடுத்து முடித்தார். ஆயினும் ராஜரத்தினம் பிள்ளையின் படம் நமக்கு ஒரு பாடம். ஒரு கலையின் சிகரத்தில் நிற்பவர் காமிராவின் முன்னும் அவ்விதமே நிற்பார் என்பதற்கு உறுதி இல்லை. 'மீரா'வில் எம்.எஸ். வென்றாரென்றால், அவருடைய பாட்டே அந்தப் பாத்திரத்தின் பிராணனாக அமைந்தது காரணம். உன் கல்யாணப் பந்திப் படத்தில் நல்ல வில்லிசைக் கலைஞர் ஒருவரைப் பரிசாரகராக நடிக்க வைத்துவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேச விடாமல் சாம்பார் வாளியைத் தூக்க வைத்திருக்கிறாயே, அவரிடம் இருந்த பெருஞ்செல்வம் அந்தக் குரலல்லவா?

தறிப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் நாடாவை அழகாகப் பிடித்திருக்கிறாய். ஆனால் தொழிலாளியின் தலைக்கு நேர் மேலே எரிந்த குழல்விளக்கு அவர் கண்களை இரு குழிகளாக்கிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த மனிதருக்கு எப்படி இருக்கும் என்பது அந்தக் கண்களில்தான் தெரிந்திருக்கும். பக்கத்துத் தறியின் விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தால் போதும். பேய்ப் படத்தில் டிரைவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் பயப்படுவதை நான் பார்க்கவே இல்லை. உன் நண்பர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஆடித் தபசில் நம் கோமதியம்மன் தவமிருந்து கண்டது, ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாய் நின்ற ஒரே மூர்த்தியை. அந்தச் சந்நிதியில் வளர்ந்த நீ, பல கதைகளை ஒரே கை செய்யலாகாது என்று யாரோ சொன்னதற்கா கலங்குவது?

டங்கனுக்கு வாய்க்காத தமிழ்ச் செவி உனக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது; அவருக்கு இருந்த கண்ணை நீ பயிற்சியினால் சம்பாதிக்க வேண்டும். 'மீரா'வையும் 'மந்திரி குமாரி'யையும் அடுத்தடுத்துப் பார். முதலில் ஒலியை நிறுத்திவிட்டு உருவத்தை மட்டும் பார். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒலியை மட்டும் கேள். 'மந்திரி குமாரி'யில் மலையுச்சிக்கு மனைவியைக் கொல்ல அழைத்துப் போகிறவனின் பாட்டு எத்தனை இனிமையாக இருக்கிறது என்பதையும், அவன் முகம் என்ன சொல்கிறது என்பதையும் தனித்தனியே குறித்துக்கொள். அதன்பின் தறிக் கொட்டகை முதலாளியிடம் இன்னும் இரண்டு இரவு அனுமதி கேட்டு, அந்தப் படத்தை மறுபடியும் எடு. நாலாவதாக ஒரு பாளையக்காரர் கதை மனத்தில் இருப்பதாக எழுதியிருந்தாய். அதையும் கைவிடாதே, எழுதத் தொடங்கிவிடு.

உன் நலம் நாடும்,
ஊர்ப் பெரியவன் ஒருவன்