ஃபைபரைப் பிடுங்கிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்

எட்ஜ் பெட்டி விற்க வருகிறவரிடம் லேட்டன்சி எத்தனை மில்லிசெகண்ட் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் அவர் வந்திருக்கிறார். லேப்டாப்பைத் திறந்து மும்பையில் இருக்கும் கிளவுடுக்கு ஒரு பிங், மேசை மேல் இருக்கும் பெட்டிக்கு ஒரு பிங் போட்டு, இரண்டு எண்களையும் காட்டி உங்கள் முதலாளியைத் தலையாட்ட வைத்துவிடுவார். எங்கள் முதலாளியும் ஆட்டினார்.

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் சிஸ்டம்ஸ் பார்க்கிறேன். 24 வட்டப் பின்னல் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் துணியை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கேமரா. ஊசி உடைந்தாலோ ஓட்டை விழுந்தாலோ மெஷினை நிறுத்த வேண்டும். ஊசி உடைந்தது தெரியாமல் ஓடினால் ரோல் நெடுக ஒரு கோடு விழும். சாயம் போடாத பச்சைத் துணியில் சில சமயம் அது கண்ணுக்கே படாது. டையிங் போய் வந்ததும் பளிச்சென்று தெரியும். அதற்குள் நூல் காசு, நிட்டிங் கூலி, சாயக் கூலி மூன்றும் போயிருக்கும்.

நீங்களும் கிட்டத்தட்ட இப்படி ஓர் இடத்தில்தான் இருப்பீர்கள். நைட் ஷிப்டில் சிஸ்டம் ஆள் கிடையாது. ஃபைபர் லைன் ஒன்றே ஒன்று. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும். முதலாளியின் மாப்பிள்ளை அக்கவுண்ட்ஸ் பார்ப்பார்.

லேட்டன்சி கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திருப்பூரிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிசெகண்ட். கேபிள் நேராகப் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு, ஆகவே சில மடங்கு கூடும். கூடட்டுமே! நிமிடத்துக்கு 25 சுற்று ஓடும் மெஷினுக்கு ஒரு சுற்றுக்கே இரண்டு நொடிக்கு மேல் ஆகிறது. அரை நொடி தள்ளி நின்றால் குடி முழுகிவிடாது. மும்பைக்குப் படம் அனுப்ப முடியாமல் எங்களைத் தடுத்தது பேண்ட்வித். 2 மெகாபிக்சல் கருப்பு வெள்ளைக் கேமரா நொடிக்கு 10 படம் எடுத்தால், சுருக்காமல் அனுப்ப 160 மெகாபிட் வேண்டும். 24 கேமராவுக்கு 3,840. எங்களிடம் இருந்தது 100 மெகாபிட் லைன். அதனால் படத்தைத் தளத்திலேயே அலசி, "மெஷின் 7, ஊசிக்கோடு" என்ற சேதியை மட்டும் மேலே அனுப்புகிறோம். எட்ஜ் அனலிட்டிக்ஸ் என்று இதற்குத்தான் பெயர்.

இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற ஆள் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில் படித்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2009இல் அவரும் இன்னும் மூவரும் எழுதிய கட்டுரைதான் 'கிளவுட்லெட்' என்பதைப் பரப்பியது. தூரத்து டேட்டா சென்டருக்குப் பதிலாக, பயன்படுத்துகிறவர் பக்கத்திலேயே ஒரு குட்டி டேட்டா சென்டர். 2012இல் சிஸ்கோவில் இருந்தவர்கள் 'ஃபாக்' என்றார்கள். செல்போன் டவர் பக்கம் வைப்பதற்கு 2014இல் எட்சி என்ற ஐரோப்பியத் தர அமைப்பு 'எம்இசி' என்று தனிக்குழுவே போட்டது. டெண்டரில் இந்தப் பெயர்கள் வந்தால் மிரள வேண்டாம். பெட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

அதே சத்தியநாராயணன் 2017இல் எழுதிய கட்டுரையில் எட்ஜால் கிடைக்கும் லாபங்கள் என்று நான்கைச் சொல்கிறார். பதில் சட்டென்று வரும். மேலே போகும் டேட்டா குறையும். அந்தரங்கத்தை வாசலிலேயே காக்கலாம். கிளவுட் விழுந்தாலும் வெளியே தெரியாமல் சமாளிக்கலாம். எங்களுக்குக் காட்டிய பிரசன்டேஷனில் முதல் மூன்றுக்கும் தனித்தனி ஸ்லைடு இருந்தது. நான்காவதைக் காணோம். எங்கள் காசு போனது அந்த நான்காவதில்தான்.

அது எப்படி என்று புரிய, கண்ட்ரோல் பிளேன், டேட்டா பிளேன் என்ற இரண்டை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்ப்பது, மெஷினை நிறுத்துவது எல்லாம் டேட்டா பிளேன். எந்தப் பெட்டியில் எந்த மென்பொருள் ஓட வேண்டும், நின்றால் யார் எழுப்புவது என்று தீர்மானிப்பது கண்ட்ரோல் பிளேன். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா கிளவுட் தடுமாறியபோது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் பெரும்பாலும் ஓடின. புதிதாக ஒன்றைக் கிளப்புவதுதான் சிக்கலானது. ஓடுகிறவரை பிரச்சினை இல்லை, நின்றால் எழ முடியாது.

எங்கள் தளத்துப் பெட்டிகளில் எல்லாம் கன்டெய்னர்கள்தான். அவற்றை மேய்க்க கே3எஸ். குபர்நெட்டிஸின் சின்ன வடிவம் அது, நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சர்வரை, திட்டம் போட்டுக் கொடுத்த ஆலோசகர்கள் மும்பைக் கிளவுடில் வைத்தார்கள். தளத்தில் இருந்தவை வெறும் ஏஜென்ட்கள். சர்வர் உள்ளேயே இருக்கட்டும், மூன்று சின்ன கம்ப்யூட்டர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். "இது டூப்ளிகேட் செலவுங்க" என்றார் ஆலோசகர். மாப்பிள்ளை அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். நான் அனுப்பிய மெயிலை இன்னும் அழிக்கவில்லை.

மாதாந்திர மின்தடை நாள். விடியற்காலையே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி எங்கள் ஃபைபரையும் சேர்த்து அள்ளியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கேமராக்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜென்செட் எடுப்பதற்குள் யுபிஎஸ் கைவிரித்தது. பெட்டிகள் அணைந்து மறுபடி எழுந்தன. எழுந்ததும் நான் எதை ஓட்ட வேண்டும் என்று மும்பையைக் கேட்டன. மும்பைக்கு வழியில்லை. கன்டெய்னர் இமேஜ் அதே பெட்டியின் டிஸ்க்கில் கிடந்தது. இருந்தும் என்ன பயன்? ஓட்டச் சொல்ல ஆள் இல்லை. போதாக்குறைக்கு இமேஜ் பாலிசியை 'ஆல்வேஸ்' என்று வைத்திருந்தார்கள், அதாவது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். "சார், பச்சை லைட்டு எரியலைங்க, மெஷின் ஓட்டலாமுங்களா?" என்று ஃபிட்டர் போன் செய்தார். ஓட்டினார்கள். ஷிப்மென்ட் தேதி அப்படி. இரண்டு மெஷினில் ஊசி உடைந்திருந்தது சாயம் போட்ட பிறகுதான் தெரிந்தது. பையரிடமிருந்து டெபிட் நோட் வந்தது. மூன்று கம்ப்யூட்டர் வாங்க மறுத்த காசைப் போல அது எத்தனை மடங்கு என்று மாப்பிள்ளைதான் கணக்குப் போட்டார், நான் வாயே திறக்கவில்லை.

ஆலோசகர்கள் கொடுத்த அறிக்கையில் காரணம் "இணையத் தடை மற்றும் மின்தடை" என்றிருந்தது. இரண்டும் நடக்கும் என்று தெரிந்துதானே பெட்டியே வாங்கினோம்!

இப்போது கே3எஸ் சர்வர் தளத்திலேயே, மூன்று கம்ப்யூட்டரில். ஏன் மூன்று? உள்ளே இருக்கும் எட்சிடி என்ற தரவுக் களஞ்சியம் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் எழுத விடும். இதைக் குவோரம் என்பார்கள். மூன்றில் ஒன்று போனாலும் வண்டி ஓடும். இரண்டில் ஒன்று போனால் நின்றுவிடும், ஆகவே இரண்டு வைப்பது ஒன்று வைப்பதை விட மோசம். "சேஃப்டிக்கு இரண்டு" என்று ஒருவர் கொட்டேஷன் தந்தார், படித்துவிட்டு வரச் சொன்னேன். பெட்டிகள் நிறைய, ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரில் என்றால் குப்எட்ஜைப் பாருங்கள். எதை ஓட்ட வேண்டும் என்ற பட்டியலைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்வதால் லைன் இல்லாமலே எழுந்துவிடும். இமேஜ் பாலிசியை 'இஃப்நாட்பிரசென்ட்' என்று மாற்றிவிடுங்கள், ரெஜிஸ்ட்ரியின் நகல் ஒன்றை உள்ளே வையுங்கள்.

பெட்டியைச் சுவரில் மாட்டுவது, ஐபி கொடுப்பது, விலான் பிரிப்பது எல்லாம் எந்த ஊரிலும் செய்யத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். ஃபேன் வைத்த பெட்டி மட்டும் வேண்டாம், பஞ்சுத்தூசி அடைத்துவிடும்.

சேதிகளை மேலே அனுப்ப எம்க்யூடிடி போதும். ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்க உருவாக்கியது, மோசமான லைனுக்கென்றே பிறந்தது. லைன் போனால் உள்ளே சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்புவதை 'ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட்' என்பார்கள். எம்க்யூடிடியில் டெலிவரித் தரத்தை (க்யூஓஎஸ்) 1 என்று வைத்தால் ஒரே சேதி இரண்டு முறை வரலாம். மெஷின் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்து இரட்டையைக் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஓட்டை இரண்டாகி, நிட்டிங் மாஸ்டர் உங்களிடம் சண்டைக்கு வருவார். பெட்டிகளின் கடிகாரமும் உள்ளேயே ஒரு நேர சர்வரைப் பார்த்து ஓடட்டும்.

கேமரா பதில் சொல்லாவிட்டால் மெஷின் ஓடட்டுமா, நிற்கட்டுமா என்பதை முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். எங்களிடம் இன்னமும் ஓடத்தான் செய்கிறது, கூடவே சைரன் அலறும்.

இப்போது எங்கள் பர்சேஸ் ஆர்டரில் ஒரு வரி உண்டு. ஃபைபரைப் பிடுங்கி, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, வெளியுலகத் தொடர்பில்லாமல் எல்லா கேமராவும் தானாக எழுந்த பிறகே கடைசி 20 சதவீதப் பணம். போன முறை வந்த ஒருவர், "வயரெல்லாம் பிடுங்கக்கூடாதுங்க சார், வாரண்டி போயிடும்" என்றார். அவருடைய கொட்டேஷனை மாப்பிள்ளையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.