பாறைப் பிளவு சொல்லும் பாடம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த பயிற்சித் தாள்களும் கிடைத்தன.

கவின்கலைக் கல்லூரியில் முதலாண்டுப் பாடம் முழுவதும் பட்டியலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கோடு, தளவடிவம், கனவடிவம், வெளி, நிறம், ஒளி-நிழல், மேற்பரப்பின் தன்மை என்று கூறுகள் ஏழு. சமநிலை, முரண், அழுத்தம், லயம், இயக்கம், விகிதம், ஒருமை என்று விதிகள் ஏழு. எல்லாம் மனப்பாடமாகிவிட்டது, ஆனால் படம் மட்டும் கூடிவரவில்லை என்பது உன் வருத்தம். உன் தாள்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கோடு நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது. ஆனால் அவை ஒன்றோடொன்று பேசவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில், பட்டியலைக் கண்டு பயப்படாதே. அது காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறிவந்திருக்கிறது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டவ் 1899இல் வெளியிட்ட நூலில் கோடு, இருள்-ஒளி அடுக்கு, நிறம் என்ற மூன்றே போதும் என்றார். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் கற்பித்த காண்டின்ஸ்கி, புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 1926இல் ஒரு முழு நூல் எழுதினார். நம் நாட்டில் காமசூத்திரத்துக்கு உரை எழுதிய யசோதரர் ஓவியத்துக்கு ஆறு அங்கங்கள் சொன்னார். உருவ வேறுபாடும் அளவும் வண்ணமும் அவற்றில் உண்டு. உன் பட்டியலில் இல்லாத பாவமும், அதாவது உணர்ச்சி வெளிப்பாடும், உண்டு. மூன்றானாலும் ஆறானாலும் பதினான்கானாலும், இவை ஒரு படைப்பைப் பிரித்துப் பார்க்க உதவுபவை. படைப்பைச் சேர்த்துக் கட்டுவது வேறொன்று. கலைஞர் முதலில் எடுக்கும் ஒரு முடிவுதான் அது. மற்றதெல்லாம் அந்த முடிவுக்கு ஊழியம் செய்யும்.

இதை நீ கண்ணால் காண வேண்டும். அடுத்த விடுமுறை நாளில் பேருந்து ஏறி மாமல்லபுரம் போ. அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்லும் பாறைக்கு முன்னால் நில். பகீரதன் தவமிருந்து கங்கையை இறக்கிய கதை அது என்போரும் உண்டு. அந்த விவாதம் இன்று உனக்கு வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்தில் எப்படி ஒரு பரப்பை ஆண்டார்கள் என்பதை மட்டும் பார்.

அவர்களுக்குக் கிடைத்த கல்லில் ஒரு குறை இருந்தது. நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. மூடி மறைத்திருக்கலாம், அல்லது ஒரு பக்கத்துப் பாறையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் அந்தப் பிளவையே ஆறாக்கினார்கள். அதற்குள் நாகர்களைக் கைகூப்பி நிற்கவைத்தார்கள். பாறை உச்சியில் தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உள்ளன. ஒரு காலத்தில் அதிலிருந்து உண்மையாகவே தண்ணீரை இறங்கவிட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டவுடன் பாறையில் உள்ள ஏறத்தாழ அத்தனை உயிர்களும் பிளவை நோக்கித் திரும்பிவிட்டன. தேவர்கள், பறக்கும் இணைகள், முனிவர்கள், வேடர்கள், யானைகள் எல்லாரும் அங்கேதான் வந்துகொண்டிருக்கிறார்கள். உன் பாடத்தில் அழுத்தம் என்கிறார்களே, அது இதுதான். படத்தின் மிக முக்கியமான இடத்தில் உருவங்களைத் திணிக்காமல் வெளியை வைத்தார்கள். வெளி என்பது மிச்சம் விழும் இடம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாறை நல்ல பதில்.

இனி உன் பட்டியலோடு ஒவ்வொன்றாகப் பார்.

பிளவுக்கு இடப்பக்கம் மேலே ஒரு தவசி ஒற்றைக்காலில் நிற்கிறார். விலா எலும்பு தெரிய மெலிந்த உடல், தலைக்கு மேல் உயர்த்திய கைகள். அந்த உடல் முழுவதும் ஒரே செங்குத்துக் கோடு. அவரைச் சுற்றிப் பறப்பவர்களின் உடல்களோ சாய்கோடுகள். மடங்கிய கால்களும் முன்னால் சாய்ந்த மார்புமாக ஒரே நிலை மீண்டும் மீண்டும் வருகிறது. அந்தத் திரும்ப வருதல் லயம்; எல்லாம் ஒரே திசையில் சாய்வதால் கிடைப்பது இயக்கம். அசையும் கூட்டத்துக்கு நடுவே அசையாமல் நிற்பதால்தான் தவசி நம் கண்ணில் படுகிறார். முரண் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் கற்பிக்க முடியாது.

தவசிக்கு அருகே நிற்கும் சிவன் அவரைவிடப் பெரியவர். காலடியில் பூதகணங்கள் சிறியவை. இங்கே விகிதம் என்பது யார் முக்கியம் என்பதைச் சொல்லும் வழி. வலப்பக்கம் போனால் யானைகள் ஏறக்குறைய நிஜ அளவில் நிற்கின்றன. இடப்பக்கம் சின்னச் சின்ன உருவங்களும் ஒரு சிறு கோயிலும் நெருங்கிக் கிடக்க, வலப்பக்கம் கீழே இரண்டு பெரிய யானைகள். தராசில் ஒரு தட்டில் எடைக்கல்லும் மறு தட்டில் கத்தரிக்காயும் இருந்தாலும் முள் நடுவில் நிற்கிறதல்லவா? சமநிலைக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, எடை ஒத்திருந்தால் போதும். உன் தாள்களில் இடமும் வலமும் அப்படியே பிரதியெடுத்ததுபோல் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தை விடு.

யானையின் உடலைத் தொலைவிலிருந்து கவனி. பெரிய பரப்பை வழவழப்பாக, வேலைப்பாடின்றி விட்டிருக்கிறார்கள். சுற்றிலும் நுணுக்கம் நெருங்கியிருப்பதால் கண்ணுக்கு அங்கே ஓய்வு கிடைக்கிறது. கல்லின் கனமும் யானையின் கனமும் ஒன்றாகிவிடுகின்றன. மேற்பரப்பின் தன்மை எதற்குப் பயன்படுகிறது என்று ஆசிரியர் கேட்டால் இதைச் சொல்.

யானைக்கு அருகே ஒரு பூனையைத் தேடிப் பிடி. அதுவும் தவசியைப் போலவே கைகளைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, பக்கத்தில் எலிகள். சிரித்துவிட்டு வந்துவிடாதே. இடப்பக்கம் மேலே இருந்த செங்குத்து வடிவம், ஆற்றைத் தாண்டி வலப்பக்கம் கீழே சின்னதாக மறுபடி வந்திருக்கிறது. கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பிளவைக் கடந்தே போக வேண்டும். இரண்டு தனிப் பாறைகள் ஒரே படமாவது இத்தகைய பிணைப்புகளால்தான். ஒருமை என்பது இப்படி உழைத்துப் பெறுவது.

முடிந்தால் காலையிலிருந்து பிற்பகல்வரை இரு. அது கிழக்கு பார்த்த பாறை. காலை வெயில் நேராக விழும்போது உருவங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் ஏறி மேலிருந்து சரியும்போது ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே நிழல் ஆழமாகும், வடிவங்கள் திரண்டு எழும். பிற்பகலில் பாறை தன் நிழலிலேயே நின்றுவிடும். கல் மாறவில்லை, உளியும் படவில்லை. ஒளி மட்டும் மாறியது. கனவடிவத்தைக் காட்டுவது ஒளி-நிழலே என்பது உனக்கு அப்போது உறைக்கும்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, அதே காட்சியை முயன்று பாதியில் நின்ற இன்னொரு பாறையும் உண்டு. அதையும் பார்க்காமல் வராதே. வேலை எந்த வரிசையில் நடந்தது என்று முடிந்த சிற்பம் சொல்லாது, முடியாதது சொல்லும். பெரிய உருவங்களை முதலில் ஒதுக்கிக்கொண்டு, முகமும் நகையும் பிறகு. நீ தலைகீழாகச் செய்கிறாய்; கண்ணிமையை முடித்துவிட்டுத் தலைக்கு இடம் தேடுகிறாய்.

நிறத்தை மட்டும் இந்தப் பாறை உனக்குக் கற்பிக்காது. அதற்கு ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸின் வழி இருக்கிறது. நிறங்கள் ஒன்றையொன்று பாதிப்பதைப் பற்றி அவர் 1963இல் வெளியிட்ட நூல் இன்றும் கல்லூரிகளில் பாடம். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டு. ஒன்றைக் கறுப்புத் தாளிலும் மற்றதை வெள்ளைத் தாளிலும் வை. முதலாவது வெளுத்தும் இரண்டாவது கறுத்தும் தெரியும். தனியாக ஒரு நிறத்துக்குக் குணம் கிடையாது, பக்கத்தில் இருப்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. வண்ணப்பெட்டியைப் பெரிதாக்குவதற்கு முன் இந்தப் பயிற்சியைக் கை சலிக்கும்வரை செய்.

இனி நீ செய்ய வேண்டியது இது. எந்தப் படத்தைத் தொடங்கும் முன்னும், உள்ளங்கை அளவுக் கட்டங்களில் நான்கைந்து சிறு வரைவுகள் போடு. கறுப்பு, வெள்ளை, நடுச்சாம்பல் மூன்றும் போதும். ஒவ்வொன்றையும் கண்ணைச் சுருக்கிப் பார். எல்லாம் எதை நோக்கித் திரும்பி நிற்கின்றன என்று கேள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லையென்றால், பெரிய தாளைத் தொடாதே. பதில் கிடைத்துவிட்டால், அதற்கு உதவாத அழகான கோட்டையும் தயங்காமல் அழி. தாளில் ஒரு கறை, பலகையில் ஒரு வெடிப்பு, கொடுக்கப்பட்ட அளவில் ஓர் அசௌகரியம் என்று தடை வந்தால் அதை முதலில் பார். உன் படத்தின் மையம் அங்கேயே இருக்கலாம்.

தேர்வுக்குப் பட்டியலைப் படி, மதிப்பெண்ணும் வாங்கு, அதில் தவறில்லை. ஆனால் இந்த ஆண்டு முழுவதும் அந்த ஒரே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு முறையும் ஒரு கூறை மட்டும் எடுத்துக்கொண்டு வரைந்து வா. நூறு படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை முழுவதும் பார்ப்பவரே ஓவியர் ஆகிறார். வரைந்த தாள்களை எனக்கு அனுப்பு, மகளே. நல்லதை நல்லது என்றும் அல்லாததை அல்ல என்றும் எழுதுவேன்.

அன்புடன்,
பெரியப்பா