வீட்டுக்குள்ளே கட்டினாலும் அனுமதி வேண்டும்

கேள்வி: கொம்பனித்தெருவில் ஒரு ஒழுங்கைக்குள் எங்கள் பழைய வீடு. வாசலிலிருந்து நாலு படி கீழே இறங்கினால், முன்பு சாமான் போட்டு வைத்த நிலக்கீழ் அறை. முழங்கால் வருத்தத்தால் மாடி ஏற முடியாத உம்மா இப்போது அங்கேதான் படுக்கிறார். மலசலகூடமோ மேலே. கீழே ஒரு பாத்ரூம் கட்ட நிலத்தை இன்னும் இரண்டடி தோண்ட வேண்டும். வீட்டுக்குள் கட்டுவதற்கு அனுமதி தேவையில்லை, கழிவுநீரை ஒழுங்கைக் கானுக்கு விடலாம் என்கிறார் பாஸ். அடுத்த வீட்டார் பொதுச் சுவருக்குப் பயந்து எதிர்க்கிறார்கள். என்ன செய்யலாம்? — ஒரு வாசகி

பதில்: சகோதரி, பாஸ் சொன்ன இரண்டுமே பிழை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில், வடிகாலையோ காற்றோட்டத்தையோ கட்டடத்தின் உறுதியையோ பாதிக்கும் உள்வேலையும் அனுமதி பெற வேண்டிய மாற்றம்தான். உங்கள் வேலை இந்த மூன்றையுமே தொடுகிறது. மாநகர சபையில் பிளான் கொடுத்து அனுமதி எடுங்கள். இல்லாவிட்டால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வரும். அதற்கும் அசையாவிட்டால் கட்டியதை இடிக்க நீதவான் கட்டளையிடலாம். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழையும் மறக்காமல் வாங்குங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்தச் சுவர்தான். நமது ரோமன்-டச்சுச் சட்டப்படி, பக்கத்துக் காணியைத் தாங்கி நிற்கும் மண்ணை, உங்கள் எல்லைக்குள்ளே இருந்தாலும், அந்தக் காணி சரியும்படி தோண்டி எடுக்க முடியாது. சேதமானால் நட்டஈடு கேட்பார்கள். அதற்கு முன்னரே மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவும் கேட்கலாம். இப்படியொரு வழக்கில் நான் பார்த்த சுவரில், நிலத்திலிருந்து ஜன்னல் வரை ஓடிய வெடிப்புக்குள் பத்து ரூபாய்க் குற்றி நுழைந்தது. இரண்டு குடும்பங்களும் அதோடு பேச்சை விட்டன. உங்கள் அடுத்த வீட்டாரின் பயம் நியாயமானது. மண்வெட்டி வைக்குமுன் ஒரு கட்டட எஞ்சினியரைக் கூட்டிவந்து அத்திவாரத்தின் ஆழத்தைப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பக்கச் சுவரையும் படமெடுத்து, திகதியிட்டு இருவரும் கையொப்பம் வையுங்கள். நாளைக்கு எந்த வெடிப்பு பழையது, எது புதியது என்ற சண்டை வராது.

ஒழுங்கைக் கான் மழைநீருக்கானது. மலசலகூடக் கழிவை அதில் விடுவது குற்றம். மாநகர சபையின் கழிவுநீர்க் குழாயோடுதான், அதுவும் அனுமதியோடு, இணைக்க வேண்டும். உங்கள் தரை அந்தக் குழாயை விடத் தாழ்வாக இருந்தால் கழிவு தானாக ஓடாது. தொட்டியும் பம்பும் வேண்டும். பேரை வாவி பக்கத்தில், நிலத்தடி நீரோ மேலேயே. ஐப்பசி மழையில் குழாய் நிரம்பினால் அழுக்கு உம்மாவின் கட்டிலடிக்கே திரும்பி வரும். திருப்பி வராமல் தடுக்கும் வால்வைக் கட்டாயம் போடுங்கள். தொட்டியை இறுக மூடுங்கள். நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அதுவும் குற்றம்.

காணி உறுதி இன்னும் வாப்பாவின் பெயரில் இருந்தால் சகோதரர்களின் எழுத்துமூலச் சம்மதத்தையும் எடுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: வாசல் மட்டத்தில், முன்னறையின் ஒரு மூலையை மறித்துக் கட்ட இடமில்லையா? அதற்கும் அனுமதி வேண்டும்தான், ஆனால் தோண்டல் இல்லை, பம்ப் இல்லை; உம்மாவும் அந்த நாலு படியை இறங்க வேண்டியதில்லை. எதுவானாலும் அனுமதி வரும்வரை அவர் கட்டிலருகே ஒரு கொமோட் கதிரை வையுங்கள். ராத்திரியில் மாடிப்படி ஏற விடாதீர்கள்.