இடைவேளை 15 நிமிடம்: நீங்களும் ஆட்டத்தில் இறங்குங்கள்!
மூத்தோருக்கும் குடும்பத்தினருக்கும் வீட்டிலேயே ஏற்ற எளிய விளையாட்டுகள்

1973ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. மலேசியக் கிண்ண ஆட்டங்களைக் காண அங்கே திரண்ட கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம். அன்று கோல் விழுந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். இன்று அதே காற்பந்தை வீட்டில் சோபாவில் அமர்ந்து பார்க்கிறோம். கோல் விழுந்தாலும் எழுவதில்லை.

ஓர் ஆட்டத்தில் முதல் பாதி 45 நிமிடம், இரண்டாம் பாதி 45 நிமிடம். கூடுதல் நேரத்தையும் இடைவேளையையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே கழிகிறது. நடுவில் வரும் 15 நிமிட இடைவேளையை உங்கள் உடலுக்காகப் பயன்படுத்துங்கள். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் எழ வேண்டும்?

வயது கூடக்கூடத் தசைகள் மெலிகின்றன. பயன்படுத்தாத தசைகள் இன்னும் வேகமாக வலுவிழக்கும். தொடைகளில் வலுக் குறைந்தால் நாற்காலியிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் சிரமமாகும். உடல் சமநிலை குறைந்தால் விழும் ஆபத்து கூடும்.

“நீங்க உட்காருங்க தாத்தா, நாங்க விளையாடுறோம்” என்று பிள்ளைகள் அன்பாகச் சொல்வார்கள். ஆனால், எப்போதும் உட்கார்ந்தே இருந்தால் எழும் வலு குறைந்துவிடும். கோல் கணக்கு எழுதுபவராக மட்டும் இருக்காதீர்கள். நீங்களும் ஆடுங்கள்.

விளையாட்டுக்கு முன்

முதல் பாதி முடிந்ததும் சட்டென எழுந்து கழிவறைக்கு விரையாதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்திருந்து திடீரென எழும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலாம். இரத்த அழுத்த மருந்து உட்கொள்வோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

• உட்கார்ந்தபடியே பாதங்களை 10 முறை மேலும் கீழும் அசையுங்கள்.
• மெதுவாக எழுங்கள். நாற்காலியைப் பிடித்தபடி சில விநாடிகள் நில்லுங்கள். பிறகு நடக்கத் தொடங்குங்கள்.
• தரையில் கிடக்கும் கால்மிதி, விளையாட்டுச் சாமான், மின்கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள்.
• நான்கு கால் உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். சக்கர நாற்காலியும் மடக்கு நாற்காலியும் வேண்டாம்.
• காலுறை மட்டும் அணிந்து விளையாடினால் வழுக்கும். வழுக்காத காலணி அணியுங்கள். கைலி, வேட்டி, சேலை கட்டியிருந்தால் கால் தடுக்காதபடி சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள்.

நான்கு விளையாட்டுகள்

இவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து மொத்தம் 10 நிமிடம் விளையாடினால் போதும்.

1. நம் வீரரா, எதிரணி வீரரா? (தொடை வலுவுக்கு)
எல்லாரும் நாற்காலியில் அமருங்கள். ஒருவர் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நம் அணி வீரரின் பெயர் வந்தால் எழுந்து நின்று கைதட்டி, மெதுவாக உட்காருங்கள். எதிரணி வீரர் என்றால் அசையக்கூடாது. தவறுபவர் அடுத்த சுற்றில் பெயர் சொல்ல வேண்டும். 8 முதல் 10 முறை எழுந்தால் போதும். முதலில் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழலாம். பழகிய பிறகு, முடிந்தால், கை ஊன்றாமல் எழுந்து பாருங்கள்.

2. பலூன் கோல்காப்பாளர் (கை, தோள் அசைவுக்கு)
நீங்கள்தான் கோல்காப்பாளர். உங்களுக்குப் பின்னால் உள்ள சுவர்தான் கோல். பேரப்பிள்ளைகள் பலூனைத் தட்டி அனுப்பட்டும். அது சுவரில் படாமல் இரு கைகளாலும் மாறி மாறித் தடுங்கள். பலூன் மெதுவாக வருவதால் காயம் ஏற்படாது. நிற்க முடியாதவர்களும் நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடலாம். தரையில் விழுந்த பலூனைப் பிள்ளைகள் எடுக்கட்டும். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே அகற்றுங்கள். சிறு குழந்தைகள் அவற்றை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும்.

3. காலுறைப் பந்து பெனால்டி (சமநிலைக்கு)
இரண்டு காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்குங்கள். தண்ணீர் நிரப்பிய இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களைக் கோல் கம்பங்களாக வையுங்கள். நாற்காலியின் பக்கவாட்டில் நின்று அதன் முதுகைப் பிடித்தபடி பந்தை மெல்ல உதையுங்கள். வலது காலால் 5 முறை, இடது காலால் 5 முறை. உதைக்கும்போது உங்கள் எடையை மற்றொரு கால் தாங்குகிறது. அதுவே சமநிலைக்கான பயிற்சி. பெரியவர்கள் மூன்று அடி தூரத்திலிருந்தும் பிள்ளைகள் இன்னும் தள்ளி நின்றும் உதைத்தால் போட்டி சமமாக இருக்கும்.

4. நட, நினை, சொல் (கால்களுக்கும் மூளைக்கும்)
நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி உயர்த்தி நடங்கள். நடந்துகொண்டே ஒவ்வொருவரும் ஒரு காற்பந்து வீரரின் பெயரைச் சொல்லுங்கள். சொன்ன பெயரைத் திரும்பச் சொல்லக்கூடாது. இதில் நீங்கள் வெல்ல வாய்ப்பு அதிகம். ராஜகோபால், குவா கிம் சோங், சந்தோக் சிங், ஆறுமுகம் எனப் பழைய பெயர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் புதியவை. 1977 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என வென்ற கதையையும் அப்படியே சொல்லுங்கள்.

அண்டை வீட்டாரை நினைவில் கொள்ளுங்கள்

பல ஆட்டங்கள் நம் நேரப்படி இரவில்தான் வருகின்றன. உங்கள் கூடத்தின் தரை கீழ்வீட்டாரின் கூரை. எனவே குதிப்பதும் நாற்காலியை இழுப்பதும் வேண்டாம். மேலே சொன்ன விளையாட்டுகளைச் சத்தமின்றி ஆடலாம். பின்னிரவு 3 மணி ஆட்டத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் மறுஒளிபரப்பைப் பாருங்கள். இடைவேளை விளையாட்டை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

கடைசி சில நிமிடங்கள்

வேகத்தைக் குறைத்து மெதுவாக நடங்கள். பிறகு உட்கார்ந்து ஆழ்ந்து மூச்சு விடுங்கள். இனிப்பு பானத்துக்குப் பதில் தண்ணீர் குடியுங்கள். முறுக்கு, மிக்சர், சிப்ஸ் ஆகியவற்றுக்குப் பதில் நறுக்கிய பழமோ, உப்புச் சேர்க்காத கடலையோ ஒரு கைப்பிடி அளவு உண்ணலாம். தண்ணீரின் அளவைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அளவு அறிந்து ஆடுங்கள்

• விளையாடும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.
• தலைசுற்றல், மூட்டு வலி ஏற்பட்டால் உடனே நிறுத்தி உட்காருங்கள்.
• நெஞ்சு வலியோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள். “ஆட்டம் முடியட்டும்” என்று காத்திருக்க வேண்டாம்.
• இதய நோய், பக்கவாதம், அண்மைய அறுவை சிகிச்சை, அடிக்கடி விழும் பிரச்சினை ஆகியவை இருந்தால் முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேளுங்கள்.
• இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அருகில் இனிப்பு மிட்டாய் வைத்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் ஏற்பட்டால் அது இரத்தச் சர்க்கரை குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

இது தொடக்கம்தான்

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் நடவடிக்கை தேவை. மூத்தோர் வாரத்தில் 3 நாளாவது வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும். வாரம் இரண்டு ஆட்டங்கள் பார்த்து ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் விளையாடினால் 20 நிமிடம் சேரும். மீதியை ஈரச்சந்தைக்கு நடந்து போவதிலும், மாலையில் பூங்காவில் வேகமாக நடப்பதிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டம் இல்லாத நாளிலும் நாடகத் தொடரின் விளம்பர இடைவேளை உண்டு. அப்போதும் எழுந்து நில்லுங்கள். பேரப்பிள்ளையை அழைத்து, “வா, ஒரு பெனால்டி அடிக்கலாம்” என்று சொல்லுங்கள்.