விண்டோஸ் 11-க்கு மாறிய பின் முடங்கும் ஃபோல்டர்

கேள்வி: துறைமுகத்தை நம்பி நடக்கும் சுங்க முகவர் அலுவலகம். எட்டுக் கணினிகளையும் விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் பொது ஃபோல்டர் திறக்க மறுக்கிறது. என்ன வழி? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதையொட்டி மாறிய சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் முதலில் நிற்பது பொது ஃபோல்டர்தான். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. ஃபோல்டரைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் இணைப்புக்கு டிஜிட்டல் கையொப்பமும் கேட்கிறது. பொது ஃபோல்டரை வைத்திருக்கும் பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றால் அதைத் தர முடியாது.

அந்த நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் திரும்ப இயக்குவது பலரும் நாடும் குறுக்குவழி. அது தவறு. அதன் ஓட்டையை வைத்தே 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் பரவியது. அடுத்த மாதம் அதே ஓட்டையையும் பயன்படுத்திய நாட்பெட்யா என்ற தீநிரல், நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்குப்பெட்டக முனையத்தையே முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. சரக்கு வாயிலில் காத்துக் கிடந்தால் என்னவாகும் என்று துறைமுக ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

சரியான வழி, ஊழியர் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு. சேமிப்புப் பெட்டிக்குப் புதிய மென்பொருள். அது கிடைக்காவிட்டால் புதிய பெட்டி. நிர்வாகி உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஷிப்பிங் பில் தாக்கல் செய்யும் கணினியில் கையொப்ப டோக்கனையும் அச்சுப்பொறியையும் உடனே சோதிக்க வேண்டும். ஏனெனில் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி பொதுவாக 10 நாள் மட்டுமே இருக்கும்.