இரண்டாவது ரவுட்டரும் சில தவறான நம்பிக்கைகளும்

கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு ரவுட்டர் குறைவின்றி இயங்கிக்கொண்டிருக்க, மாடி அறையிலோ வைஃபை குன்றிப் போய்ப் பிள்ளைகளின் பாடமும் பெரியவர்களின் அலுவலும் தடைப்படும்போது, இன்னொரு ரவுட்டரை வாங்கி மாட்டினால் வேகம் இரட்டித்துவிடும் என்னும் நம்பிக்கை பல குடும்பங்களில் நிலைபெற்றிருக்கிறது. வேகம் சேவை நிறுவனத்தின் திட்டத்தால் நிர்ணயமாவது. 100 மெகாபிட் திட்டத்துக்குச் சந்தா கட்டும் வீட்டில் எத்தனை ரவுட்டர்கள் இருந்தாலும் வெளியிலிருந்து வருவது அந்த 100 தான். எட்டாத அறைக்கு அதைக் கொண்டு சேர்ப்பதே இரண்டாவது சாதனத்தால் ஆகக்கூடிய உபகாரம்.

இதைவிடத் தீங்கு விளைவிப்பது, கடையிலிருந்து வந்த கோலத்திலேயே புதியதைப் பழையதோடு பிணைத்துவிடலாம் என்னும் எண்ணம். ரவுட்டர் என்று நாம் வழங்கும் பெட்டி பல உத்தியோகங்களை ஒருசேர வகிப்பது: வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று செய்திகளைக் கைமாற்றுவது, வீட்டிலுள்ள சாதனங்களுக்கு முகவரி வழங்குவது, வைஃபை பரப்புவது, கேபிள்களை ஒன்றுசேர்ப்பது. பின்னிரண்டையும் எத்தனை பெட்டிகள் செய்தாலும் கெடுதலில்லை. முன்னிரண்டும் ஒரே பெட்டியின் பொறுப்பில் இருப்பதே நலம். டி.எச்.சி.பி. எனப்படும் முகவரி விநியோகத்தை இரண்டு ரவுட்டர்களும் மேற்கொண்டால், ஒரே கிராமத்தில் நிலக்கணக்கு எழுதும் இரண்டு கர்ணங்கள் அமர்ந்து ஒரே நிலத்தை வெவ்வேறு பேருக்கு எழுதி வைத்ததுபோல, ஒரே முகவரி கைப்பேசிக்கும் பிரிண்டருக்கும் போய்ச் சேர்ந்து, இணைப்பு வருவதும் போவதுமாக அலைக்கழிக்கும். இரண்டுமே 192.168.1.1 என்னும் ஒரே முகவரியைத் தமக்கு வைத்துக்கொண்டு வருவதும் சகஜம்.

இந்தப் பிணக்கைத் தவிர்ப்பதாக எண்ணிப் புதியதன் வேன் என்னும் வெளி இணைப்புத் துளையில் கேபிளைச் செருகுவோரும் உண்டு. இணையம் பெரும்பாலும் கிடைக்கும், ஆயினும் மாடி தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடுவதால், மாடியிலுள்ள பிரிண்டர் கீழேயுள்ள கணினிக்குப் புலப்படாது. ஆகவே, புதிய ரவுட்டரை முதலில் தனியே ஒரு கணினியோடு இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 போன்று, பழையது பிறருக்கு வழங்காத ஓர் எண்ணாக மாற்றி, அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்திய பிறகே, வீட்டுச் சாதனங்களுக்கென உள்ள லேன் துளைகளை இரண்டிலும் கேபிளால் சேர்த்து, புதியதன் வேன் துளையைக் காலியாக விடவேண்டும். புதியதில் அக்ஸஸ் பாயிண்ட் என்னும் தெரிவு இருக்குமானால் இவற்றுள் பெரும்பாலானவற்றை அதுவே செய்துவிடும்.

கேபிள்களை ஒன்றுசேர்ப்பதை மட்டும் செய்யும் ஸ்விட்ச் என்னும் பெட்டியை வைத்தால் வேகம் பங்காகிக் குறையும் என்பது, அதற்கு முன்பு வழங்கிய ஹப்பின் காலத்து அபிப்பிராயம். ஹப் வந்த செய்தியை எல்லாத் துளைகளுக்கும் அனுப்பியது. ஸ்விட்சோ எந்தத் துளையில் எந்தச் சாதனம் உள்ளது என்பதை அறிந்துகொண்டு உரியதற்கே அனுப்புகிறது. ஆனால் ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே இரண்டு கேபிள்களை மாட்டினால் வேகம் இரட்டிக்கும் என்பது விபரீதமான யோசனை. செய்திகள் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, வீட்டு இணைப்பு முழுவதும் ஸ்தம்பித்துவிடும். இந்த ஆபத்தை நீக்கவே ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். மலிவான ஸ்விட்சுகளில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.

கேபிள் பழங்காலச் சங்கதி, வைஃபையை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டர் போதும் என்று சொல்வோரோடு நான் சிறிதும் உடன்படுவதற்கில்லை. ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் கொடுக்கும் ரிப்பீட்டரால் ஒவ்வொரு செய்தியும் இருமுறை காற்றில் பிரயாணம் செய்ய நேர்வதால், வேகத்தில் ஏறத்தாழப் பாதி அங்கேயே கரைந்துபோகிறது. வைஃபையே எட்டாத அறையில் அதை வைத்தால், தனக்கு வராததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? கேட் 5இ கேபிளோ, அதன் நான்கு ஜோடிக் கம்பிகளும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தால், 100 மீட்டர் வரை விநாடிக்கு 1000 மெகாபிட்டைச் சிரமமின்றிச் சுமக்கும். இரண்டு ஜோடிகளே வேலை செய்தால் 100க்கு இறங்கிவிடும். வீடு கட்டுவோர், மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும் தருணத்திலேயே, மாடிக்குச் செல்லும் இந்தக் கேபிளுக்கும் தனியே ஒரு குழாய் பதித்துவிடுவார்களாயின், பின்னாளில் சுவரைக் குடைய நேராது.